காலும் உருவமும் பொருந்தினால் போதுமா?

மளிகைக்காரர் யாரும் துவரம் பருப்பு கேட்டவருக்குக் கேசரிப் பருப்பைக் கட்டித் தருவதில்லை. பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும், கேசரியைத் தொடர்ந்து தின்றவர் கால் முடங்கிப் போகும். எலெக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கும் நம் அங்கத்தினர்களுக்கும் அந்த நாணயம் வேண்டும்.

இன்னிசைக் குழுக்களின் கிட்டார் ஆம்பிளிஃபயருக்கு மாற்று வால்வு கேட்டு வருகிறார்கள். "இதுவும் எட்டுக்கால்தான், உட்காரும்" என்று கொடுப்பது வியாபாரம் அல்ல. 6வி6 வால்வின் இழை 0.45 ஆம்பியர் இழுக்கும், 6எல்6ஜிசி 0.9, இஎல்34 1.5. 6வி6-க்கென அமைந்த டிரான்ஸ்பார்மரில் இஎல்34 செருகினால் இழைச் சுமை மும்மடங்கைத் தாண்டும், சுருள் கருகும். நெருக்கமான கடைவீதியில் அது ஒரு கருவியோடு நிற்குமா?

1961ல் பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கியது. இன்று புதுச் சரக்கு ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனாவிலிருந்து வருகிறது. விலை அதிகம், மாற்றிக் கொடுக்கும் ஆசையும் அதிகம்.

ஆகவே, பழைய வால்வின் எண்ணைக் கேளுங்கள். ஜோடியாகப் பொருத்திய வால்வையே கொடுங்கள். பியூஸ் அடிக்கடி போனால் பெரிய பியூஸ் விற்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பின்னும் கண்டென்சரில் மின்சாரம் தங்கும். பயாஸ் சரிபார்ப்பதை மெக்கானிக்கிடம் விடச் சொல்லுங்கள். சரியான சரக்கு இல்லையென்றால் "இல்லை" என்பதே மரியாதை. இன்று போகும் லாபம் நாளை வாடிக்கையாளராகத் திரும்பி வரும்.