சூடானதும் நின்றுபோகும் கார்... இ20 பெட்ரோல்தான் காரணமா? மெக்கானிக்கிடம் போகும் முன் இதைப் பாருங்க!

திண்டுக்கல்லில் இருந்து சாணார்பட்டி வழியாக நத்தம் போகிறீர்கள் என வைத்துக்கொள்வோம். காலையில் ஒரே சாவியில் ஸ்டார்ட் ஆன கார், அரை மணி நேரம் ஓடியதும் திடீரென நின்றுவிடுகிறது. எவ்வளவு முயன்றும் ஸ்டார்ட் ஆகவில்லை. ஓரமாக நிறுத்தி டீ குடித்துவிட்டு வந்தால், ஒன்றுமே நடக்காததுபோல ஓடுகிறது!

"எல்லாம் இந்த எத்தனால் பெட்ரோலால வந்த வினை" என்பதுதான் இப்போது பலரும் உடனே சொல்லும் பதில். இது உண்மையா?

இ20 சர்ச்சை என்ன?

பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பதற்கான இலக்கு ஆண்டை 2030-ல் இருந்து 2025-க்கு முன்கூட்டியே கொண்டுவந்தது மத்திய அரசு. பழைய வண்டிகளுக்கு இது ஒத்துவராது என 2025-ல் எதிர்ப்பு கிளம்பியது. எத்தனால் கலக்காத பெட்ரோலும் கிடைக்க வேண்டும் எனக் கோரிய பொதுநல மனுவை 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

மைலேஜ் குறையும் என்பது உண்மைதான். எத்தனால் கலக்காத பெட்ரோலுக்காக வடிவமைத்து, இ10-க்கு ஏற்றபடி செட் செய்யப்பட்ட கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை குறையலாம் என்று 2021-ல் நிதி ஆயோக் அறிக்கையே சொன்னது. பழைய வண்டிகளில் ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்பதும் ஒப்புக்கொள்ளப்பட்ட விஷயம்.

சூடானால் மட்டும் ஏன் நிற்குது?

இங்கேதான் கவனிக்கணும். எத்தனால் ஆவியாக அதிக வெப்பம் தேவை. அதனால் அது தொல்லை கொடுப்பது பெரும்பாலும் குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யும்போதுதான். கார்புரேட்டர் உள்ள பழைய கார்களில் மட்டும், வெயிலில் குழாய்க்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ளலாம். இன்ஜெக்‌ஷன் கார்களில் பெட்ரோல் அழுத்தத்திலேயே இருப்பதால் அந்த வாய்ப்பு குறைவு.

அப்படியானால் சந்தேகப்பட வேண்டியவை எவை?

1. கிராங்க் சென்சார்: இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்வது இதுதான். உள்ளே இருக்கும் கம்பிச் சுருள் பழுதானால், சூட்டில் விரிந்து தொடர்பு அறுந்துவிடும். ஆறினால் மீண்டும் சேரும். வண்டி நின்றதும் செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள் அசையவே இல்லையா? முதல் சந்தேகம் இதன் மேல்தான்.

2. ஃபியூயல் பம்ப்: சாவியை ஆன் செய்ததும் பின் சீட் பக்கம் இரண்டு விநாடி 'ங்ங்' என்று சத்தம் வரணும். வரவில்லை என்றால் பம்ப், ரிலே, ஃபியூஸ் ஆகியவற்றைப் பார்க்கணும். டேங்கில் இருக்கும் பெட்ரோல்தான் பம்பைக் குளிர்விக்கிறது. எப்போதும் 'ரிசர்வ்'லேயே ஓட்டினால் பம்ப் சூடாகி சீக்கிரம் கெடும்.

3. இக்னிஷன் காயில்: சூடானதும் ஸ்பார்க் நின்றுபோகும். நிற்பதற்கு முன் இன்ஜின் உதறினால் இதையும் பார்க்கச் சொல்லுங்க.

4. த்ராட்டில் பாடி: சிக்னலில், ஐடிலிங்கில் மட்டும் ஆஃப் ஆனால் கரி படிந்திருக்கலாம். சுத்தம் செய்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போயிருந்தால் கதை வேறு. அது கூலன்ட் அல்லது ரேடியேட்டர் ஃபேன் கோளாறாக இருக்கலாம். சூட்டோடு ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது.

மலைப்பாதையில் இன்னும் ஆபத்து

சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இன்ஜின் நின்றால், பவர் ஸ்டீயரிங் கல்லாக இறுகும். பிரேக் ஒன்றிரண்டு முறைதான் லேசாகப் பிடிக்கும். பிறகு முழு பலத்தோடு மிதிக்கணும். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல், ஒரே அழுத்தாக அழுத்தி நிறுத்துங்க. வண்டி நிற்கும் முன் சாவியை உருவிவிடாதீங்க, ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

என்ன செய்யணும்?

'ஆறினதும் ஓடுதே' என்று தள்ளிப்போடாதீங்க. எத்தனை கிலோமீட்டரில் நின்றது, எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது, முள் அசைந்ததா, பம்ப் சத்தம் வந்ததா என்பதைப் போனில் குறித்துவையுங்க. ஸ்கேனர் போட்டுப் பார்த்த பிறகே பாகங்களை மாற்றச் சொல்லுங்க. ஆறிய வண்டியை மெக்கானிக்கிடம் காட்டினால், அதில் கோளாறே தெரியாது.

பெட்ரோல் மேல் பழியைப் போட்டுவிட்டால் மனசு ஆறிடும். ஆனால் பழுதான சென்சார் அங்கேயேதான் இருக்கும்.