பாலம் தெரிகிறது, பிணம் தெரியவில்லை!

'குவாய் ஆற்றுப் பாலம்' – டேவிட் லீன் இயக்கி 1957இல் வெளிவந்து, ஏழு ஆஸ்கார் விருதுகளை வாரிச் சென்ற படம். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட ஆங்கிலேய கர்னல் நிக்கல்சன், பகைவனுக்காகப் பாலம் கட்டுகிறான். அச்சத்தாலா? அல்ல. ஆசையாலா? அதுவுமல்ல. தன் படையின் கட்டுப்பாடு குலையக்கூடாது, கைத்திறன் தாழக்கூடாது என்ற தன்மானம், மெல்ல மெல்லக் கண்ணை மறைக்கும் செருக்காகிறது. கடமை எது, காட்டிக்கொடுத்தல் எது என்றறியாது நிற்கிறான். அடிமைப்பட்ட இடத்தில் மனித மனம் எப்படித் திரியும் என்பதைப் படம் அழகுறக் காட்டிற்று, மறுப்பாரில்லை.

நாம் கேட்பது வேறு, தோழர்களே! அந்த இருப்புப்பாதையில் வெள்ளையனுக்கு மட்டுந்தானா மனம் இருந்தது?

சயாமையும் பர்மாவையும் இணைக்க 1942-43இல் போடப்பட்ட பாதை. நீளம் 415 கிலோ மீட்டர். வதைபட்ட போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். ஆசியத் தொழிலாளரோ அவர்களினும் இருமடங்குக்கு மேல்! மலேயாத் தோட்டங்களிலிருந்து இழுத்துச் செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர். இலவசப் படக்காட்சி என்றழைத்து, கதவடைத்து, வண்டியேற்றிய கொடுமையும் நடந்தது. கைதிக்குக் கல்லறை உண்டு, கல்லில் பெயர் உண்டு. காலராவில் கருகிய தமிழனுக்கு முழுமையான பெயர்ப்பட்டியலும் இல்லை. அந்தப் படத்தில் இடமும் இல்லை!

அவன் வாழ்வில் சிக்கல் இல்லையா? 'இத்தனை பேர் வேண்டும்' என்று துப்பாக்கி முனையில் ஆணை வந்தபோது, தோட்டத்துக் கிராணி யாரை அனுப்புவான்? யாரை மறைப்பான்? 1943 அக்டோபர் 17இல் அந்தப் பாதை இணைந்தது. நான்கே நாள் கழித்து, 21இல், சிங்கப்பூரில் சுதந்திர இந்திய அரசை நேதாஜி அறிவித்தார். தமிழனைச் சாகடித்த அதே ஜப்பான், அவர் படைக்குத் துணை! தோட்டத் தமிழர் திரண்டு சேர்ந்தனர். பெண்கள் ஜான்சிராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினர். விடுதலை வேட்கையால் சேர்ந்தவன் உண்டு. மரண இரயிலுக்குத் தப்பச் சேர்ந்தவனும் உண்டு. இரண்டும் ஒரே நெஞ்சில் குடியிருந்ததும் உண்டு. இவனை ஒரே சொல்லில் அடைக்க முடியுமா?

சென்னையில் ஜப்பானியர் குண்டு விழுந்ததும் அதே அக்டோபரில்தான். அந்த நாட்களைப் பின்னணியாக்கி, 1954இல் எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' எடுத்தார். பாட்டே இல்லாத படம். சிவாஜி கணேசன் ஏற்ற ராஜன் கோர உருவினன் அல்லன், அறிவாளி. தன் திறமையை நாடு மதிக்கவில்லை என்ற கசப்பே அவனைப் பகைவனுக்கு உளவாளியாக்குகிறது. காதலுக்கும் நாட்டுக்கும் இடையே தவிக்கிறாள், பண்டரிபாய் ஏற்ற மனைவி. அத்துணிவு நம் திரையில் ஏன் தழைக்கவில்லை? 'எட்டப்பன்' என்ற ஒற்றைச் சொல்லில் துரோகம் அனைத்தையும் போட்டு மூடிவிட்டோமே!

புரிந்துகொள்வது மன்னிப்பதாகாது. அஞ்சி அனுப்பியவன் வேறு, அனுப்பி ஆதாயம் தேடியவன் வேறு. இருவரையும் பிரித்தறிவதே நீதி. பசி, பயம், பெருமை – இம்மூன்றையும் பாடமாகப் படித்துவிட்டே ஆதிக்கக்காரன் வருகிறான். நாம் படிக்க மறுத்தால் தோற்பது யார்?

மலேயாவுக்குக் கப்பலேறியவர்களில் பலர், அன்றைய தென்னார்க்காடு, வடார்க்காடு, சேலம் மாவட்டத்தார். மூங்கில்துறைப்பட்டில் தென்பெண்ணைக் கரையோரம் நாடக மேடை கட்டும் தோழனே! திரையுலகம் எழுதட்டும் என்று காத்திராதே. திரும்பி வராதவர்களின் கதையை முதியோரிடம் கேள், எழுது, மேடையேற்று. பாலத்தை உலகம் பார்த்துவிட்டது. அதன் அடியில் கிடப்பவனை நாம் காட்டுவோம்!