கணக்கெடுத்த கைகளுக்கும் அறிவியலில் உரிமை வேண்டும்!

அறிவியல் என்பது ஆங்கிலம் கற்ற சிலர்க்கே வாய்த்த தனியுடைமை என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது பொய் என்பதற்குச் சவ்வாது மலையடியிலுள்ள கணியம்பாடியே சான்று.

வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மக்கள் நலத்துறை, கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் பிறப்பையும் இறப்பையும் பல்லாண்டுகளாகப் பதிந்து வந்துள்ளது. அப்பதிவின் முதற்படி, அவ்வூரிலேயே வாழும் நலப்பணிப் பெண்ணே. அவர் கொணரும் செய்தியைச் செவிலியரும் மருத்துவரும் அடுத்தடுத்துச் சரிபார்ப்பர். இறந்தவர் வீட்டாரிடம் உசாவிச் சாவின் கரணியத்தை உறுதி செய்வர்.

அதனால் வெளிப்பட்ட உண்மை யாது? 1994 முதல் 1999 வரை, ஆண்டுதோறும் நூறாயிரவர்க்கு 95 பேர் அங்குத் தற்கொலையால் மாண்டனர் என்று 2003இல் பிரித்தானிய மருத்துவ இதழ் வெளியிட்டது. அரசின் நாட்டளவுக் கணக்கோ ஏறத்தாழ 11 என்றே காட்டியது! 1992 முதல் 2001 வரை, 10 முதல் 19 அகவையினருள் நூறாயிரம் பெண்களுக்கு 148 பேரும் ஆண்களுக்கு 58 பேரும் ஆண்டுதோறும் இவ்வாறு இறந்தனர் என்று 2004இல் 'இலான்செட்டு' இதழ் உரைத்தது. இடத்துக்கிடம் வேறுபாடு இருக்கலாம். ஆயினும், வழக்குக்கும் பழிக்கும் அஞ்சி அரசேட்டில் ஏறாமல் மறைக்கப்படும் சாவை அண்டை வீட்டுப் பெண்ணிடம் மறைத்தல் அரிது.

இன்று 'குடிமக்கள் அறிவியல்' என்னும் பெயரில் பொதுமக்களைக் கொண்டு உயிரினங்களைக் கணக்கெடுக்கும் முயற்சிகள் பரவுகின்றன. தமிழ்நாட்டில் 2015 முதல் பொங்கல் நாள்களில் பறவைகள் எண்ணப்படுகின்றன. வரவேற்கத் தக்கதே. ஆயின், கைப்பேசியும் ஆங்கிலமும் உடையார்க்கே கதவு திறக்குமாயின், ஆடு மேய்ப்பாரும் மலைவாழ் பழங்குடியினரும் புறத்தே நிற்பர். அவர்கள் அறிந்த புள்ளும் மரமும் ஏடேறா.

எனவே, படிவமும் பயிற்சியும் தமிழில், ஊர் வழங்கும் பெயர்களோடு அமைக. எதனை ஆய்வதென்று முடிவு செய்யும்போதே ஊராரையும் கலந்து கொள்க. அன்றாடக் கூலியை விட்டு வருவோர்க்கு ஊதியம் தருக. ஆய்வேட்டில் அவர்தம் பங்கு குறிக்கப்படுக. முடிவுகள் ஆங்கில இதழேறும் முன்னரே அவ்வூர் மன்றில் தமிழில் எடுத்துரைக்கப்படுக.

தம் தெருவின் துயரை எண்ணித் தந்த பெண்ணுக்கு, அவ்வெண் கூறும் பொருளை அறியவும், அத்துயர் நீங்க என்ன செய்தீர் என்று கேட்கவும் உரிமையுண்டு. அவ்வுரிமையைக் கல்லூரிகளும் அரசும் வழங்குக. தமிழிளைஞர் முன்னின்று பெற்றுத் தருக!