பாட்டிலைத் திருப்பிப் படியுங்கள்

கடையில் சோப்பும் ஷாம்பூவும் முகப்பூச்சும் அடுக்கியிருக்கும் வரிசைக்குப் போனால் இன்று பச்சை நிறம்தான் கண்ணை நிறைக்கிறது. வேப்பிலை, கற்றாழை மடல், மஞ்சள் கிழங்கு என்று ஏதாவது ஒரு படம். அதன் கீழே ‘100 சதவீதம் இயற்கை’, ‘கெமிக்கல் கிடையாது’, ‘ஆர்கானிக்’ என்று ஏதாவது ஒரு வாசகம். இவற்றைத் தேடி வாங்குகிறவர்களை ஏமாளிகள் என்று ஒதுக்கிவிட முடியாது. சிவப்பழகு தரும் என்று நம்பி, ஸ்டீராய்டு கலந்த களிம்புகளை மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஆண்டுக்கணக்கில் பூசியவர்கள் நம்மிடையே ஏராளம். தோல் மெலிந்து, முகம் சிவந்து, களிம்பை நிறுத்தினால் எரிச்சல் தாங்காமல் அவர்கள் தோல் மருத்துவர்களைத் தேடி ஓடினார்கள். 2018 மார்ச்சில்தான் மத்திய அரசு அத்தகைய 14 வகைப் பூச்சு மருந்துகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. இதையெல்லாம் பார்த்தவர்கள் அஞ்சுவது நியாயம். ஆனால் அந்த அச்சத்துக்கு ‘இயற்கை’ என்ற சொல் காவலாக நிற்குமா? நிற்காது என்பதே என் வாதம். உடம்பில் பூசும் பொருளைத் தேர்ந்தெடுக்கும்போது அது இயற்கையா செயற்கையா என்று கேட்பதால் பயனில்லை. உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, கேடு வந்தால் யார் பொறுப்பு என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

பாதரசத்தை எடுத்துக்கொள்வோம். அது எந்த ஆய்வுக்கூடத்திலும் உருவாக்கப்பட்டதல்ல. சாதிலிங்கமாக மண்ணில் கிடைக்கும் இயற்கைப் பொருள். தோலில் நிறமி உருவாவதை அது தடுக்கும் என்பதால் சிவப்பழகுக் களிம்புகளில் திருட்டுத்தனமாகச் சேர்க்கிறார்கள். கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில், 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை ஒரு குறிப்பிட்ட சிறுநீரக நோயோடு வந்த 22 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். அவர்களில் 15 பேருக்கு, பாதரசத்தோடு தொடர்புள்ளதாக அறியப்பட்ட ஓர் அரிய வகை பாதிப்பு இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகுக் களிம்பு பூசியவர்கள். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் இதே வகைச் சிறுநீரக பாதிப்பை, பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளை உட்கொண்டவர்களிடம் கண்டு முன்பே ஆய்விதழில் எழுதியிருந்தார்கள். பூச்சில் தற்செயலாகக் கலந்த பாதரசம்கூடப் பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது இந்திய விதி; கண்ணைச் சுற்றிப் பூசுபவற்றுக்கு மட்டும் வரம்பு அதைவிடப் பல மடங்கு கூடுதல். ஈயமும் ஆர்செனிக்கும் ஆஸ்பெஸ்டாஸும் பூமியில் விளைந்தவைதான். பிறந்த இடம் ஒரு பொருளின் குணத்தைச் சொல்லாது.

சரி, லேபிளில் ‘இயற்கை’ என்று அச்சடிக்க என்ன தகுதி வேண்டும்? நம் நாட்டில் அழகுப் பொருட்களை ஆள்வது 1940-ம் ஆண்டின் மருந்து மற்றும் அழகுப் பொருட்கள் சட்டமும், அதன் கீழ் வந்த 2020-ம் ஆண்டு விதிகளும். ‘இயற்கை’ என்பதற்கோ ‘ஆர்கானிக்’ என்பதற்கோ அவற்றில் வரையறை இல்லை. உணவில் நிலைமை வேறு. ஆர்கானிக் உணவுக்கு 2017-லேயே தனி ஒழுங்குமுறை வந்து, ஜைவிக் பாரத் முத்திரையும் வந்துவிட்டது. அரிசிக்கு இருக்கும் அந்தக் காவல் ஷாம்பூவுக்கு இல்லை. பன்னாட்டு அளவுகோல்களும் நாம் நினைப்பது போல் இறுக்கமானவை அல்ல. ஐ.எஸ்.ஓ. 16128 என்ற வழிகாட்டுதல்படி கணக்கிட்டால் தண்ணீரும் இயற்கைப் பொருள்தான். எனவே ‘95 சதவீதம் இயற்கை மூலம்’ என்று எழுதிய ஒரு லோஷனில் முக்கால் பங்கு வெறும் தண்ணீராகவே இருக்கலாம். ஐரோப்பாவின் காஸ்மாஸ் சான்று இதைவிட நம்பகமானது. ஆனால் அதிலும் தோலில் தங்கும் பூச்சுக்கு மொத்த எடையில் 20 சதவீதம், கழுவிவிடும் பொருளுக்கு 10 சதவீதம் ஆர்கானிக்காக இருந்தால் போதும். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த வழிகாட்டுதல்கள், ‘100 சதவீதம் இயற்கை’ என்று சொல்லிக்கொள்பவர் சான்றோ அறிவியல் ஆதாரமோ காட்ட வேண்டும் என்கின்றன. நல்ல தொடக்கம்தான். ஆனால் புகார் வந்த பிறகு விசாரிக்கும் ஏற்பாடு, கடையில் நின்று தேர்ந்தெடுப்பவருக்கு அந்த நேரத்தில் உதவாது.

அந்த நேரத்தில் உதவுவது பாட்டிலின் பின்பக்கம்தான். ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ள பொருட்களை அளவின் இறங்குவரிசையில் எழுத வேண்டும், அதற்குக் குறைந்தவற்றை அவற்றின் பிறகு எந்த வரிசையிலும் எழுதலாம் என்பது விதி. இதை வைத்துக்கொண்டு ஒரு கற்றாழை ஜெல்லைத் திருப்பிப் பாருங்கள். முதலில் தண்ணீர் இருக்கும். அடுத்து கிளிசரின், பிறகு ஜெல்லைக் கெட்டியாக்கும் கார்போமர், அதையடுத்து ஃபீனாக்ஸி எத்தனால் என்று பட்டியல் போகலாம். இந்தக் கடைசிப் பொருள் கெடாமல் காப்பதற்காகச் சேர்ப்பது; ஒரு சதவீதத்துக்கு மேல் போகாது. கற்றாழைச் சாறு இதற்குப் பிறகு வந்தால், அதுவும் ஒரு சதவீதத்துக்குள்தான் என்று உறுதியாகச் சொல்லலாம். முன்பக்கத்தில் மடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் நீங்கள் காசு கொடுப்பது கெட்டியாக்கிய தண்ணீருக்கு. அதற்காக அந்த ஜெல் தீயது என்று ஆகிவிடாது. தோலுக்கு ஈரம் தரும் வேலையைக் கிளிசரின் நன்றாகவே செய்யும். நாம் கொடுத்த கூடுதல் விலைக்குத்தான் நியாயம் இல்லை. ‘தேங்காயிலிருந்து பெறப்பட்டது’ என்ற வாசகமும் இப்படித்தான். மென்மையான கோகோ குளுக்கோசைடும் தேங்காய் எண்ணெயிலிருந்து வரலாம். எரிச்சலைச் சோதிக்கத் தோல் மருத்துவர்களே பயன்படுத்தும் சோடியம் லாரில் சல்ஃபேட்டும் அதே எண்ணெயிலிருந்து வரலாம்.

‘இது இல்லை, அது இல்லை’ என்று பட்டியலிடும் விளம்பரங்கள் இன்னொரு வகை. இவற்றில் பாரபென் கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தண்ணீர் கலந்த எந்தப் பூச்சிலும் கிருமியும் பூஞ்சையும் வளரும். அதைத் தடுக்கப் பல பத்தாண்டுகளாகப் பயன்பட்டவை பாரபென்கள். 2004-ல் பிரிட்டனில் மார்பகப் புற்றுக்கட்டிகளில் பாரபென் தடயம் இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. அதனால்தான் புற்று வந்தது என்று அந்த ஆய்வு நிறுவவில்லை. நலமான திசுவோடு ஒப்பிட்டும் பார்க்கவில்லை. ஆனாலும் அச்சம் பரவியது, ‘பாரபென் இல்லாதது’ என்பது விற்பனை வாசகமாயிற்று. அந்த இடத்தைப் பிடித்த மாற்றுகளில் ஒன்று மெத்தில் ஐசோதயசோலினோன். ஐரோப்பாவில் அது ஒவ்வாமையைப் பெருவாரியாகப் பரப்பியது. தோலில் தங்கும் பூச்சுகளில் அதைப் பயன்படுத்தக் கூடாது என்று 2017-ல் அங்கே தடையே வந்தது. அமெரிக்கத் தொடுதோல் அழற்சி மருத்துவர்களின் சங்கம் ஆண்டுதோறும் ஓர் ஒவ்வாமைப் பொருளை அறிவித்து எச்சரிக்கும். 2013-ல் அது அறிவித்தது இந்த மாற்றுப் பொருளை. 2019-ல் ஒவ்வாமை தராத பொருள் என்று சொல்லி அடையாளம் காட்டியது பாரபென்களை. பாரபென் முழுக்கக் குற்றமற்றது என்று நான் சொல்லவில்லை. ஐந்து வகைப் பாரபென்களை ஐரோப்பா 2014-ல் விலக்கியது, வேறு சிலவற்றின் அளவைக் குறைத்தது. பொருள் பொருளாக, அளவு அளவாகப் பார்த்து எடுத்த முடிவு அது. விளம்பர வாசகம் அப்படிப் பார்ப்பதில்லை. ஒன்றை நீக்கியவர் அந்த இடத்தில் எதை வைத்தார் என்று அது வாய் திறப்பதும் இல்லை.

மூலிகைகளே வீரியமுள்ள வேதிப்பொருட்கள் என்பதையும் மறந்துவிடுகிறோம். குளியல் பொடியில் சேர்க்கும் கார்போகரிசியில் சோரலென் இருக்கிறது. வெண்புள்ளிக்கு வைத்தியமாக அது பயன்படுவதே, தோலை வெயிலுக்குக் கூருணர்வாக்கும் அதன் சக்தியால்தான். அதே சக்தி, சரியாகக் கழுவாத முகத்தோடு உச்சி வெயிலில் போனால் கொப்புளமாகவும் கருந்திட்டாகவும் வெளிப்படலாம். எலுமிச்சைச் சாற்றை முகத்தில் தடவிக்கொண்டு வெளியே போவதும் இதே ஆபத்து. மருதாணி இலை தருவது செம்மை நிறம் மட்டும். ‘மூலிகை’ என்ற பெயரில் வரும் கூம்போ பொடியோ அரை மணி நேரத்தில் கரிய நிறம் தந்தால் அதில் பி.பி.டி. என்ற சாயப்பொருள் இருக்கிறதா என்று சந்தேகப்பட வேண்டும். அவுரி இலையும் கருமை தரும். ஆனால் மருதாணி போட்டுக் கழுவியபின் தனியாகப் பூசி, நிறம் ஏறப் பொறுத்திருக்க வேண்டும். வாசனைக்குச் சேர்க்கும் எலுமிச்சைப்புல், லாவெண்டர் எண்ணெய்களில் உள்ள சிட்ரால், லினலூல் போன்றவை ஐரோப்பாவில் பெயர் சொல்லி அறிவிக்க வேண்டிய ஒவ்வாமைப் பொருட்கள்.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். தலைமுறை தலைமுறையாகச் சீயக்காயும் அரப்பும் பயத்தமாவும் கஸ்தூரி மஞ்சளும் தேய்த்துக் குளித்த மக்களுக்கு இந்தப் பாடம் எதற்கு என்று கேட்பார்கள். அந்த மரபை நானும் மதிக்கிறேன். ஆனால் அது எப்படிப்பட்ட மரபு என்று உற்றுப் பார்க்க வேண்டும். வெயிலில் காயவைத்து அரைத்த உலர்ந்த பொடி. ஈரம் இல்லாததால் கெடாது. தேவைக்கு மட்டும் எடுத்துக் குழைத்து, தேய்த்து, உடனே கழுவிவிடுவது வழக்கம். கற்றாழை மடலை வெட்டினால் மஞ்சள் பாலை வடியவிட்டு, சோற்றைப் பல தண்ணீரில் அலசித்தான் எடுப்பார்கள். அந்தப் பாலில் உள்ள அலோயின் தோலை அரிக்கும் என்பது அனுபவத்தில் தெரிந்திருந்தது. இந்தப் பக்குவம் எதுவும், இரண்டு ஆண்டு கெடாமல் இருக்க வேண்டும் என்று தயாரித்து நாளெல்லாம் தோலில் தங்கவிடும் களிம்புக்குப் பொருந்தாது. வீட்டில் சீயக்காய் அரைப்பவர் மரபைப் பின்பற்றுகிறார். ஒரு சொட்டுச் சீயக்காய்ச் சாறு விட்ட ஷாம்பூவை வாங்குபவர் அந்த மரபின் பெயருக்குத்தான் விலை கொடுக்கிறார்.

ஆர்கானிக் வேளாண்மை மண்ணுக்கும் அதில் உழைப்பவருக்கும் நல்லது, அதற்காகவே வாங்குகிறேன் என்று சொல்பவரோடு எனக்குப் பிணக்கில்லை. அது வயலைப் பற்றிய காரணம், நேர்மையான காரணம். பூச்சிக்கொல்லி தெளிக்காமல் விளைந்த எண்ணெயும் ஒருவர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் போகலாம் என்பதை மட்டும் அவர் நினைவில் வைத்திருந்தால் போதும்.

எனக்கு மிகவும் கடினமாகத் தோன்றும் மறுப்பு சிறு உற்பத்தியாளர்களைப் பற்றியது. வீட்டிலேயே சோப்பு காய்ச்சி வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் விற்கும் பெண்களையும், மகளிர் சுய உதவிக் குழுக்களையும் இந்தக் கெடுபிடி நசுக்காதா? காஸ்டிக் சோடா போன்ற காரம் இல்லாமல் சோப்பே உருவாகாது என்பதால் ‘கெமிக்கல் இல்லாத சோப்பு’ என்று ஒன்று கிடையாது. அந்தக் காரத்தின் அளவு பிசகினால் தோல் வெந்துபோகும். விற்பனைக்குத் தயாரிக்க மாநில மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் உரிமம் வேண்டும் என்பது பெரிய ஆலைக்கும் அடுக்களைக்கும் பொதுவான சட்டம். அதைத் தளர்த்தச் சொல்வது சரியான வழியல்ல. உரிமம் பெறும் செலவையும் அலைச்சலையும் அரசு குறைக்கலாம். மாவட்டந்தோறும் பொதுப் பரிசோதனைக் கூடம் அமைத்துக் குழுக்களுக்குக் குறைந்த கட்டணத்தில் திறந்துவிடலாம். தண்ணீர் சேர்த்த கிரீமை விட்டு, உலர்பொடியிலும் எண்ணெயிலும் குழுக்கள் கவனம் செலுத்தினால் கிருமித் தொல்லை பெருமளவு இல்லாமலே போகும். வாங்குகிறவரும் தயாரிப்பவரின் முகவரி, உரிம எண், தொகுதி எண், காலாவதி நாள் ஆகியவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். இவற்றில் ஒன்றையும் தர முடியாத பொருளை, எத்தனை மூலிகைப் பெயர் சொன்னாலும் குழந்தையின் தோலில் பூசக் கூடாது.

புதிதாக எதை வாங்கினாலும் முழங்கையின் உட்புறம் ஒரு சிறிய இடத்தில் ஒரு வாரம் பத்து நாள் பூசிப் பார்ப்பது நல்லது. சோப்பு என்றால் உறையில் டி.எஃப்.எம். எனப்படும் மொத்தக் கொழுப்புப் பொருளின் அளவைப் பாருங்கள்: 76 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் முதல் தரம், ‘பாத்திங் பார்’ என்று எழுதியிருப்பதில் 40 சதவீதமே போதும். ஆனால் படித்துப் பார்க்கப் பட்டியலே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? 60 மில்லிக்குக் குறைந்த திரவத்துக்கும் 30 கிராமுக்குக் குறைந்த களிம்புக்கும் உள்ளடக்கப் பட்டியல் அச்சிட வேண்டியதில்லை என்று விதி விலக்கு அளிக்கிறது. ஷாம்பூவைச் சிறு பாக்கெட்டில் அடைத்து நாடு முழுக்கப் பரப்பியதில் கடலூரில் பிறந்த நிறுவனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. இன்றும் தினக்கூலிக் குடும்பங்கள் வாங்குவது அந்தப் பாக்கெட்டுகளையும் சின்ன டியூப்களையும்தான். தகவல் மிகவும் தேவைப்படும் இடத்தில்தான் சட்டம் அதை மறுக்கிறது. இந்த விலக்கை நீக்க வேண்டும். அதோடு, முன்பக்கத்தில் எந்த மூலிகையின் பெயரையோ படத்தையோ போட்டாலும் அதன் சதவீதத்தை அங்கேயே, தமிழிலும் அச்சிட வைக்க வேண்டும். முடியாத காரியமல்ல. சித்த, ஆயுர்வேத மருந்துகளின் லேபிளில் ஒவ்வொரு சரக்கும் எவ்வளவு என்று எழுத வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. ஹேர் டை எச்சரிக்கையை வட்டார மொழியிலும் அச்சிட வேண்டும் என்ற விதியும் இருக்கிறது. மருந்துக்கும் சாயத்துக்கும் கேட்பதை, வேப்பிலைப் படம் போட்ட ஃபேஸ் வாஷிடமும் அரசு கேட்கட்டும்.