கேம் திக்குகிறதா? கார்டு வாங்கும் முன் கணக்கெடுங்கள்!

"கேம் நல்லாத்தான் ஓடுது. கால் மணி நேரம் ஆனதும் திக்கித் திக்கி நிக்குது. அப்புறம் சரியாகுது. மறுபடியும் திக்குது." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் அடிக்கடி கேட்கும் புகார் இது. இதற்கு நண்பர்கள், கடைக்காரர், பக்கத்து வீட்டுப் பையன் என எல்லோரும் சொல்லும் மருந்தும் ஒன்றுதான்: "கிராபிக்ஸ் கார்டை மாத்துங்க."

எனக்கு இதில் உடன்பாடு இல்லை. கார்டு காரணமாக இருக்கலாம்; இல்லாமலும் போகலாம். காய்ச்சல் என்று போனவருக்குத் தெர்மாமீட்டர் கூட வைக்காமல் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தால் ஒப்புக் கொள்வோமா? கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் ஒப்புக் கொள்கிறோம்?

போன மே மாதம் என் சித்தப்பா போன் செய்தார். "தம்பி, பையனோட கேம் நின்னு நின்னு ஓடுதாம். புது கார்டு 30 ஆயிரம் ஆகும்னு கடையில சொல்றாங்க. சீட்டுப் பணத்தை எடுத்துடலாமான்னு பார்க்கிறேன்" என்றார். "ஞாயிற்றுக்கிழமை வர்றேன் சித்தப்பா, அதுவரைக்கும் எதுவும் வாங்காதீங்க" என்று சொல்லி வைத்தேன். என்ன நடந்தது என்று பிறகு சொல்கிறேன். முதலில் ஒரு சின்னக் கணக்கு.

திரையில் ஓடும் கேம், வேகமாக மாறும் படங்களின் வரிசைதான். ஒவ்வொரு படமும் ஒரு பிரேம். நொடிக்கு 60 பிரேம் என்றால் ஒரு படத்தை வரைய 16.7 மில்லி செகண்ட் அவகாசம். இப்போது ஒரு நொடியில் 54 படங்கள் சரியாக 16.7 மில்லி செகண்டில் வந்து, ஒரே ஒரு படம் மட்டும் 100 மில்லி செகண்ட் எடுத்துக் கொண்டது என்று வையுங்கள். மொத்தம் 55 பிரேம். மீட்டர் 55 என்றுதான் காட்டும். பார்த்தால் நல்ல மார்க்! ஆனால் அந்த ஒரு படத்தில் கண்ணுக்கு ஒரு வெட்டு தெரிந்துவிடும். எனவே சராசரியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். எப்போது விழுகிறது, எவ்வளவு விழுகிறது, எத்தனை நேரம் கழித்து விழுகிறது என்பதுதான் முக்கியம்.

இங்கேதான் பலரும் கவனிக்காத ஒரு விஷயம் இருக்கிறது. கார்டுக்குச் சக்தி போதவில்லை என்றால் கேம் பெரும்பாலும் ஆரம்பத்திலிருந்தே மெதுவாக ஓடும். நன்றாக ஓடி, விழுந்து, மறுபடி எழுந்தால், வந்து வந்து போகிற ஒரு காரணம் இருக்கிறது என்று பொருள். அதைக் கண்டுபிடிக்க ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

விளையாடத் தொடங்கி 15, 20 நிமிடம் கழித்து விழுகிறதா? சூட்டைச் சந்தேகப்படுங்கள். ஒரு புதிய இடத்திற்குள் நுழையும்போது மட்டும் ஒரு வெட்டு வந்து, அதே இடத்திற்குத் திரும்ப வரும்போது வரவில்லையா? கேம் தன் ஷேடர்களை அப்போதுதான் தயார் செய்து கொள்கிறது. பெரும்பாலும் தானே சரியாகும். புதிய இடம் வரும்போதெல்லாம் வெட்டுகிறதா? கேம் பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருக்கலாம்; எஸ்எஸ்டிக்கு மாற்றிப் பாருங்கள். கடிகாரம் வைத்தது போல ஒரே இடைவெளியில் வருகிறதா? பின்னணியில் ஏதோ ஒரு புரோகிராம் அப்டேட்டோ, ஸ்கேனோ, பேக்கப்போ செய்கிறது. நேரம் போகப் போக மோசமாகி, டெக்ஸ்சர் தரத்தைக் குறைத்தால் சரியாகிறதா? கார்டின் மெமரி நிரம்பி விடுகிறது. லேப்டாப்பில் சார்ஜரை எடுத்ததும் விழுகிறதா? பேட்டரியில் ஓடும்போது வேகம் குறைவது இயல்பு.

அளவெடுக்கவும் பணம் தேவையில்லை. விண்டோஸ் கீயுடன் ஜி கீயை அழுத்தினால் கேம் பார் வரும்; அதில் பிரேம் எண்ணிக்கை தெரியும். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்பார்மன்ஸ் பகுதியில் பிராசசர், மெமரி, டிஸ்க், கிராபிக்ஸ் ஒவ்வொன்றும் எவ்வளவு உழைக்கிறது என்று பார்க்கலாம். பிராசசரின் சூட்டை இது காட்டாது. அதற்கு ஹெச்டபிள்யூ இன்போ என்ற இலவச புரோகிராம் இருக்கிறது.

இன்னொரு எளிய சோதனை. கேமின் ரெசல்யூஷனைக் குறைத்து ஓடவிடுங்கள். பிரேம் எண்ணிக்கை நன்றாக உயர்ந்தால் கிராபிக்ஸ் கார்டுதான் திணறுகிறது. உயரவே இல்லை என்றால் சிக்கல் வேறு எங்கோ இருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் செலவு செய்வது எந்த வகையில் நியாயம்?

இனி சித்தப்பா வீட்டுக் கதைக்கு வருவோம். அந்தப் பையனின் கம்ப்யூட்டர் மேசையில் கதவு வைத்த ஒரு அறை. தூசி படக்கூடாது என்று சிபியுவை அதற்குள் வைத்துக் கதவையும் சாத்தி வைத்திருந்தார்கள். கேமை ஓடவிட்டோம். 70ல் இருந்த பிரேம் 18வது நிமிடத்தில் 28க்கு இறங்கியது. அந்த நேரத்தில் கிராபிக்ஸ் கார்டின் உழைப்பு 95 சதவீதத்திலிருந்து 50க்குக் குறைந்திருந்தது. அதாவது கார்டு திணறவில்லை. வேலைக்குக் காத்துக் கொண்டிருந்தது! பிராசசரின் சூடு 99 டிகிரி. எல்லை தாண்டும் சூடு வந்தால் பிராசசர் தன்னைக் காப்பாற்றிக் கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக் கொள்ளும். சூடு தணிந்ததும் வேகமெடுக்கும், மறுபடி சூடாகும். திக்கலுக்குக் காரணம் இதுதான்.

சிபியுவை வெளியே எடுத்து வைத்தோம். மின் இணைப்பைத் துண்டித்து, மூடியைத் திறந்து, பேன் சுற்றாதபடி விரலால் பிடித்துக் கொண்டு தூசியை ஊதினோம். காய்ந்து போயிருந்த தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாக வைத்தோம். மறுபடி ஒரு மணி நேரம் ஓடவிட்டோம். சூடு 78 டிகிரியைத் தாண்டவில்லை. பிரேமும் விழவில்லை. செலவு, பேஸ்ட்டுக்குச் சில நூறு ரூபாய். சித்தப்பா 30 ஆயிரம் கொடுத்து வாங்கியிருந்தால், புதுக் கார்டும் அதே அடைத்த அறைக்குள் போய், அதே பிராசசருக்காகக் காத்துக் கொண்டிருக்கும்.

சில நேரம் தவறு நம் கம்ப்யூட்டரிலேயே இருக்காது. 2022 மார்ச்சில் ஏஎம்டி நிறுவனம் ஒரு விஷயத்தை ஒப்புக் கொண்டது. ரைசன் பிராசசர் உள்ள சில கம்ப்யூட்டர்களில், பாதுகாப்புக்கான எப்டிபிஎம் என்ற பகுதி மதர்போர்டில் உள்ள சிப்புடன் தகவல் பரிமாறும்போது சிஸ்டமே சற்று நின்று விடுகிறது என்றது. அதற்குத் தீர்வு பயாஸ் அப்டேட். எத்தனை விலை கொடுத்து எந்தக் கார்டு வாங்கினாலும் அது சரியாகியிருக்காது. 2023 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்த 'தி லாஸ்ட் ஆப் அஸ் பார்ட் 1' கேம், விலை உயர்ந்த கம்ப்யூட்டர்களிலும் தடுமாறியது. அதைத் தயாரித்த நாட்டி டாக் நிறுவனம் அடுத்தடுத்து பேட்ச்கள் வெளியிட்டுச் சரி செய்தது. புதிய கேம் ஒன்று மட்டும் திக்கி, மற்றவை நன்றாக ஓடினால், பர்ஸைத் திறக்கும் முன் சில வாரம் பொறுத்துப் பாருங்கள்.

கேம் வேகத்தைப் பல மடங்கு கூட்டுகிறேன் என்று வரும் பூஸ்டர், ரெஜிஸ்ட்ரி கிளீனர் போன்றவற்றையும் நம்பாதீர்கள். அவை சூட்டைத் தணிக்காது, தூசியைத் துடைக்காது. பின்னணியில் ஓடும் புரோகிராம்களில் இன்னொன்று கூடும். அவ்வளவுதான்.

அப்படியானால் கடைக்காரர் ஏமாற்றுக்காரரா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். அவர் நிலையிலிருந்து பாருங்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து காரணம் கண்டுபிடித்து, "கதவைத் திறந்து வையுங்கள்" என்று சொன்னால் நாம் என்ன செய்வோம்? "இதுக்குப் போய் காசா?" என்று கேட்டுவிட்டு வந்துவிடுவோம். பார்ட்ஸ் விற்றால்தான் அவருக்கு வருமானம். பார்ப்பதற்குக் கூலி தராத நாம்தான், விற்பதற்கு மட்டும் வழி விட்டிருக்கிறோம். டாக்டரிடம் மாத்திரை எழுதாவிட்டாலும் பீஸ் தருகிறோம் அல்லவா? மெக்கானிக்கிடமும் அப்படியே கேளுங்கள்: "பார்ட்ஸ் எதுவும் இப்ப வேண்டாம். என்ன கோளாறுன்னு பார்த்துச் சொல்லுங்க. அதுக்கு உங்க கூலியைத் தர்றேன்." சில நூறு ரூபாய்க் கூலி பல ஆயிரத்தை மிச்சப்படுத்தும். நல்ல மெக்கானிக்குகளும் பிழைப்பார்கள்.

ஒன்றை ஒப்புக் கொள்கிறேன். அளந்து பார்த்த பிறகு, கார்டு எப்போதும் 99 சதவீதத்தில் உழைக்கிறது, ரெசல்யூஷனைக் குறைத்தால் பிரேம் ஏறுகிறது, சூடும் அளவாக இருக்கிறது என்றால் கார்டு உண்மையிலேயே பழையதாகிவிட்டது. அப்போது தாராளமாக வாங்குங்கள். அப்போதும் முதலில் கேமின் செட்டிங்குகளைக் குறைத்துப் பாருங்கள். நிழல்களின் தரத்தை ஒரு படி குறைத்தாலே பலருக்குப் போதுமானதாக இருக்கும்.

எதைச் செய்தாலும் ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். டிரைவர், பயாஸ், செட்டிங் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எதனால் சரியானது, எதனால் கெட்டது என்று யாருக்கும் தெரியாது. மாற்றும் முன் ஒரு அளவு, மாற்றிய பின் ஒரு அளவு. இரண்டையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

சித்தப்பாவின் சீட்டுப் பணம் இன்னும் சீட்டிலேயே இருக்கிறது. பையன் ஒரு நோட்டு வைத்திருக்கிறான். இப்போது தெருவில் யார் வீட்டில் கேம் திக்கினாலும், "எத்தனை நிமிஷம் கழிச்சு விழுது?" என்றுதான் முதலில் கேட்கிறான். நீங்களும் அந்தக் கேள்வியிலிருந்து தொடங்குங்கள்.