காதலுக்கு ஓர் ஏலக்கடை!



பிரிட்டனில் ஐ.டி.வி.2 என்ற சானல் 2015 முதல் 'லவ் ஐலண்ட்' என்றொரு நிகழ்ச்சியை நடத்தி வருகிறது. கோடை வந்தால் ஸ்பெயினின் மயோர்கா தீவில் ஒரு பங்களா. முன்பின் அறியாத இளைஞர்களும் இளம்பெண்களும் உள்ளே, சுற்றிலும் கேமராக்கள். ஜோடி சேர வேண்டும். சேராதவர் மூட்டை கட்ட வேண்டும். வீட்டில் சாய்ந்திருப்பவர்கள் ஓட்டுப் போட்டுத் தீர்ப்பளிப்பார்கள். வெல்லும் ஜோடிக்கு 50,000 பவுண்டு!

இதற்குப் பெயர் துணை தேடுவதாம்!

வியாபாரப் பெருமக்களே! கல்லாவில் உட்கார்ந்து பழகிய உங்களுக்கு இதன் சூட்சுமம் புரியாதா? அங்கே சரக்கு எது? மனிதர்கள்தான்! 2018இல் 'மிஸ்கைடட்' என்ற துணிக் கம்பெனி அவர்களுக்கு உடை கொடுத்தது. அதே உடையைப் பார்ப்பவர்களுக்கும் விற்றது. கண்ணீர் வடிந்தால் கூட்டம் கூடும். கூட்டம் கூடினால் விளம்பரம் விலைபோகும். ஜோடி நிலைத்தால் என்ன, உடைந்தால் என்ன?

ஆரம்ப ஆண்டுகளில் வென்ற ஜோடியிடம் இரண்டு உறைகளைக் கொடுப்பார்கள். பணமுள்ள உறை கிடைத்தவர் துணையோடு பங்கிடலாம், அல்லது முழுவதையும் தானே சுருட்டலாம்! ஒருவரும் சுருட்டவில்லை. அது அந்தப் பிள்ளைகளின் குணம். சுருட்டுவார்களா என்று ஆசை காட்டிக் காத்திருந்தது நடத்தியவர்களின் குணம்!

இனிக் கேளுங்கள். இதில் பங்கேற்ற இருவர், 2018இல் ஒருவர், 2019இல் ஒருவர், தம் உயிரைத் தாமே மாய்த்துக் கொண்டனர். 2020 பிப்ரவரியில், முன்பு இதைத் தொகுத்து வழங்கிய கரோலின் பிளாக்கும் அவ்வாறே இறந்தார். இந்நிகழ்ச்சிதான் காரணம் என்று நாம் தீர்ப்பு எழுதவில்லை. ஆனால் அவர் இறந்த பிறகு ஒளிபரப்பு நின்றது எத்தனை இரவு தெரியுமா? இரண்டே இரவு! மூன்றாம் இரவு கடை திறந்துவிட்டது.

2019இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றக் குழு இத்தகைய நிகழ்ச்சிகளை விசாரித்தது. பங்கேற்பவர்களுக்குக் குறைந்தது எட்டு முறை மனநல ஆலோசனை தருவோம் என்றது சானல். காயம் படும் என்று தெரிந்தே மருந்துப் பெட்டியோடு நடத்துவதற்குப் பெயர் விளையாட்டா?

இளைஞனே! 'சீரழிந்த கூட்டம்' என்று அவர்களைத் திட்டிவிட்டு, மறுநிமிடம் அந்தப் பெண் அழும் காட்சியைச் செல்போனில் பார்த்துச் சிரிக்கிறாயே, நீ யார்? வாங்குபவன் இல்லாமல் எந்தக் கடையாவது நடந்ததுண்டா? அவள் உன் தங்கையாக இருந்தால் சிரிப்பாயா?

அந்தப் பிள்ளைகளைப் பழிக்காதே. கடையைப் புறக்கணி!

சிந்திப்பீர்!