நிதித்துறை உத்தியோகத்துக்கு எந்தக் கல்லூரி?

பிளஸ் டூ தேறிய பிள்ளையை நிதித்துறை உத்தியோகத்துக்குத் தயார் செய்ய, கடன் பட்டாவது சென்னைக்கு அனுப்பத்தான் வேண்டுமா? காரைக்கால் பெற்றோர் சிந்திக்க வேண்டிய கேள்வி இது.

ஸ்டேட் பாங்க் அதிகாரித் தேர்வு எழுத எந்தப் பட்டமும் போதும். சார்ட்டர்டு அக்கவுண்டன்ட் படிப்பிலே முதற்படித் தேர்வின்றி நேரே இடைநிலைக்குச் செல்ல, வணிகவியல் பட்டதாரிக்கு 55 சதவீத மதிப்பெண் வேண்டும்; பொதுவாக மற்றப் பட்டதாரிகளுக்கு 60. இரண்டிடத்திலும் கல்லூரியின் பெயரைப் பார்த்து இடம் கொடுப்பதில்லை. 2018 முதல் 2024 வரை ரிசர்வ் பாங்க் கவர்னராக இருந்த சக்திகாந்த தாஸ், கல்லூரியிலே படித்தது சரித்திரம்!

பெருநகரக் கல்லூரிகளுக்கும் ஓர் அனுகூலம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. பெரிய தனியார் கம்பெனிகள் ஆள் எடுக்க அங்கேதான் அதிகமாக வருகின்றன. அந்த வேலையே குறி என்றால் செலவுக்கு அர்த்தமுண்டு. வங்கியோ ஆடிட்டர் தொழிலோ குறி என்றால், ஊரிலுள்ள அறிஞர் அண்ணா அரசு கலைக் கல்லூரியும் அவ்வையார் அரசு மகளிர் கல்லூரியும் இருக்கின்றன. மிச்சமாகும் விடுதிப் பணம் தேர்வுக் கட்டணத்துக்கும், கணக்கு, ஆங்கிலப் பயிற்சிக்கும் உதவும். முதலில் உத்தியோகத்தைத் தீர்மானியுங்கள். கல்லூரியைப் பிறகு தேடலாம்.